நாலரை மணிக்கு வருகிறவர்

– அந்தக் குழாயை மட்டும் தொடாதீங்க.

– தொடாம எப்படிக்கா பாக்குறது? ஹீட்டர் சுடலன்னு கடைக்குப் போன் பண்ணினது நீங்கதானே?

– ஹீட்டரைப் பாருங்க. மேல சுவத்துல தொங்குது, அதான் ஹீட்டர். குழாய் இங்க கீழ இருக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன?

– ரெண்டுக்கும் நடுவுல ஒரு இரும்புப் பைப் இருக்கு. சரி, கொஞ்சம் நகருங்க. அந்த டார்ச்சை இப்படிக் குடுங்க.

– பெய்ருங்னு ஒரு ஆளை அனுப்புறோம்னாங்க. பொண்ணுன்னு சொல்லல.

– சொன்னா வேணாம்பீங்கன்னு சொல்லியிருக்க மாட்டாங்க. நேராச் சொல்றேன்க்கா, லைசென்ஸ் இருக்கு, எடுத்துக் காட்டட்டுமா? எங்க கடையில ஆறு பேரு. பரீட்சை எழுதிப் பாஸானது ரெண்டே பேரு. அதுல ஒருத்தி நான். அப்படியும் மொத வருஷம் முழுக்க ஏணியைப் புடிச்சிட்டு நிக்கத்தான் விட்டாங்க.

– ஐயோ, குத்தமாச் சொல்லல தங்கச்சி. நல்லதாப் போச்சுன்னுதான்... என்னமோ, ஆம்பளை வந்திருந்தா இந்த ரூமுக்குள்ள விட மனசு வந்திருக்காது.

– ஏன்?

– இது எங்க வீட்டுக்காரரு வர்ற இடம். லியாங்.

– அவரு எத்தனை மணிக்கு வருவாரு?

– நாலரைக்கு. தினமும்.

– இப்ப மூணு. அதுக்குள்ள முடிச்சிட்டுக் கிளம்பிடுவேன். அவரு வந்து குளிக்கட்டும்.

– அவரு செத்துப் பதினாலு மாசம் ஆகுது. பயந்துட்டீங்களா?

– இல்ல. இந்த ஸ்குரூ துரு புடிச்சிக் கிடக்கு. சுத்துனா தலை மட்டும் சுத்துது... மன்னிச்சுக்கங்கக்கா. எனக்குத் தெரியாது.

– உங்களுக்கு எப்படித் தெரியும்? கணவாய் மீன் புடிக்கிற கப்பல்ல போனாரு. தெக்க, உலகத்துக்கு அடிப்பக்கம்பாரு. அங்க நம்ம குளிர்காலத்துல வெயிலாம், நம்ம வெயில்ல குளிராம். ஒரு அலை வந்துச்சாம். வர்றப்போ டெக்குல பன்னெண்டு பேரு நின்னாங்களாம். அலை வழிஞ்சு போனப்போ பதினொண்ணு.

– உடம்பு கிடைச்சுதா?

– பெட்டி ஒண்ணு வந்துச்சு. ஒரு ஸ்வெட்டரு, ஷேவிங் செட்டு, ஆநிங் வரைஞ்ச படம். ஆநிங் எங்க பொண்ணு, மூணாங்கிளாஸ். அப்பான்னு எழுதி மீனுக்குக் கை கால் போட்டு வரைஞ்சிருந்தா. ஸ்வெட்டரை மோந்து பாத்தேன். சோப்பு வாசனை. யாரோ துவைச்சுட்டாங்க. நல்லது பண்றதா நினைச்சுத் துவைச்சுட்டாங்க.

– துவைச்சவனை நாலு சாத்து சாத்தணும்.

– நீங்க கோவக்காரின்னு நினைக்கிறேன்.

– எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. மூடி வந்துடுச்சு. இந்தாங்க, இதைப் புடிங்க. அதென்ன மூலையில பேசின்? துண்டு மடிச்சு வெச்சு, புது பிரஷ்ஷு, சீப்பு... ஏழாம் மாசம் செத்தவங்களுக்கு வெக்கிற படையல் பேசினா இது? மாசம் நாலு ஆச்சே.

– எடுக்க மனசு வரல.

– எங்க அம்மாவும் வெப்பா. ஆவிங்க மூஞ்சி கழுவிட்டு நாகரிகமாச் சாப்பிட உக்காரணும்னு. ஆனா வாசல்லதான் வெப்பா. படையல் முடிஞ்சதும் தண்ணியை ஊத்திட்டு எடுத்துடுவா.

– நானும் மொதல்ல வாசல்லதான் வெச்சேன். அப்புறம் தோணுச்சு. இவரு கப்பல்லேர்ந்து வந்தா வாசல்ல ஒரு நிமிஷம் நிக்க மாட்டாரு. பூட்ஸை அங்கொண்ணு இங்கொண்ணு எறிஞ்சுட்டு நேரா இங்கதான் ஓடியாருவாரு. உடம்பெல்லாம் உப்பு அரிக்குதும்பாரு. வாசல்ல பேசின் இருந்தா அவரு கண்ணுல படுமா, சொல்லுங்க? அதான் உள்ள கொண்டாந்து வெச்சேன். அன்னிக்கு ராத்திரி துறைமுகத்துல விளக்கு விட்டாங்க, தண்ணியில போனவங்களுக்கு வழி காட்ட. வீடு மாதிரி செஞ்ச பெரிய பெரிய காகித விளக்குங்களுக்கு நடுவுல நானும் ஆநிங்கும் சின்னதா ஒண்ணு விட்டோம். ரொம்ப தூரம் அணையாமப் போச்சு. மறுநாள் சாயங்காலம் வந்துட்டாரு.

– வந்துட்டாருன்னா? எப்படிக்கா?

– குழாயைத் திறந்தாக் கையைப் புடிப்பாரு.

– இன்னொரு தடவை சொல்லுங்க.

– விரல் நுனியில ஆரம்பிக்கும். எறும்புங்க எல்லாம் வரிசையா வந்து முத்தம் குடுக்குற மாதிரி. அப்புறம் மெதுவா மணிக்கட்டு வரைக்கும் ஏறும். குழாயை மூடினா விட்டுடுவாரு. நீங்க சிரிப்பீங்கன்னு நினைச்சேன்.

– சிரிக்கல. ஹீட்டர் சுவிட்சை எத்தனை மணிக்குப் போடுவீங்க?

– நாலு மணிக்கு. நாலரைக்கு ஆநிங் வந்துடுவா. பள்ளிக்கூடத்துலேர்ந்து படியேறி வர்றதுக்குள்ள நனைஞ்சுடுவா, நம்ம கீலுங் ஊரு மழைதான் தெரியுமே, குடையைக் கேலி பண்ணும். வந்ததும் குளிச்சாகணும். அதான் இன்னிக்கே சரி பண்ணச் சொன்னேன். காலையில துணி அலசப் போட்டப்போ டப்புன்னு ஒரு சத்தம், அதுலேர்ந்து தண்ணி சுடவே இல்ல.

– காலையில அணைச்சு வெச்சதை இன்னும் போடலையே?

– இல்ல. இனி நாலு மணிக்குத்தானே போடுவேன்.

– நல்லது. இப்ப நான் போடப் போறேன். நீங்க கதவுக்கு வெளிய நில்லுங்க. எதையும் தொடாதீங்க... ம். இதோ டெஸ்டர். குழாய் மேல வெக்கிறேன். பாருங்க.

– எரியுது. ஆரஞ்சு கலர்ல. தூரத்துல கணவாய்க் கப்பல் விளக்கு தெரியுமே, மலை மேல நின்னு பாத்தா, அது மாதிரி.

– அக்கா, இது ஹீட்டர் காயில்ல இருக்குற கரண்ட். காயில் வெடிச்சிருக்கு. கரண்ட் தண்ணியில எறங்கி, பைப்புல எறங்கி, குழாய்ல வந்து உக்காந்திருக்கு.

– எரியுற மாதிரி தெரியல. யாரோ கண்ணைத் திறந்து பாக்குற மாதிரி இருக்கு.

– என் பேச்சு காதுல விழுதா? மீட்டர் வெக்கிறேன். குழாய்க்கும் தரைக்கும் நூத்தி நாலு வோல்ட். சுவிட்சை அணைச்சுட்டேன். இனிமே உள்ள வரலாம்.

– அப்ப இத்தனை நாளும்...

– இத்தனை நாளும் விரிசல் சின்னதா இருந்திருக்கும். கொஞ்சமாக் கசிஞ்சிருக்கும். எறும்பு மாதிரின்னு சொன்னீங்கல்ல, அந்த அளவு. காலையில டப்புன்னதுதான் விரிசல் பிளந்த சத்தம். நேத்து வரைக்கும் எறும்பு. இன்னிக்கு இது எறும்பு இல்ல.

– கரண்ட் கசிஞ்சா மண்ணுக்குப் போயிடும்னு அவரே சொல்லியிருக்காரு. பச்சை வயரு ஒண்ணு இருக்கும்னு.

– இருக்கு. அந்தப் பச்சை வயரு எங்க போகுதுன்னு பாருங்க. இப்படி வாங்க. ஹீட்டர்லேர்ந்து வந்து, இதோ, பைப்பைச் சுத்தி ரெண்டு சுத்து சுத்தி முறுக்கி விட்டிருக்கான். அவ்வளவுதான் எர்த். அந்தக் காலத்துல எல்லாரும் இப்படித்தான் பண்ணினாங்க. பைப்பு இரும்பு, கீழ அஞ்சு மாடி எறங்கி மண்ணுக்குள்ள போகும், கரண்டும் கூடவே போயிடும்னு. போயிட்டும் இருந்துச்சு. கீழ் வீட்டுல சமீபத்துல பைப்பு வேலை ஏதாவது நடந்துச்சா?

– ஓனரு மாத்துனாரு. ஒழுகுதுன்னு பழசை அறுத்துட்டு வெள்ளைப் பிளாஸ்டிக் பைப்புப் போட்டாரு.

– எப்போ?

– ஏழாம் மாசம். விளக்கு விட்ட வாரம்.

– அதான். கீழ பிளாஸ்டிக். கரண்டுக்கு மண்ணுக்குப் போக வழி இல்ல. உங்க குழாய்ல வந்து, யாராவது வந்து தொட மாட்டாங்களான்னு காத்துக்கிட்டு நிக்குது.

– நீங்க சொல்றதும் நான் சொல்றதும் ஒண்ணாத்தான் இருக்கு.

– என்னது?

– திரும்பிப் போக வழி இல்லாம, தொட மாட்டாங்களான்னு ஒருத்தரு காத்துக்கிட்டு நிக்கிறாரு. நானும் அதைத்தானே சொன்னேன்?

– அக்கா. நேராச் சொல்றேன். இதை நான் இப்படியே விட்டுட்டுப் போக முடியாது. காயில் மாத்தணும். பச்சை வயருக்குத் தனியா எர்த் இழுக்கணும். அது பெரிய வேலை, நாளைக்கு ஆளோட வரேன். ஆனா இன்னிக்கு ஒரு டிரிப்பர் போட்டே ஆகணும். பாருங்க, உள்ளங்கைக்குள்ள அடங்குற சாமான். போன கரண்ட் திரும்பி வருதான்னு ஓயாம எண்ணிக்கிட்டே இருக்கும். துளி குறைஞ்சாலும் கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள எல்லாத்தையும் வெட்டி விட்டுடும். குளியல் ரூம்ல ஹீட்டர், பிளக் பாயிண்ட் எதுவா இருந்தாலும் இது இல்லாம வெக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. பழைய கட்டடம்னா யாரும் வந்து கேக்குறதில்ல. உங்க ஓனருக்கு வாடகை ஏத்துறப்போ மட்டும் கட்டடம் புதுசாயிடும்.

– அதைப் போட்டா அவரு வர மாட்டாரு.

– வர மாட்டாரு.

– அப்ப வேணாம்.

– அக்கா!

– ஹீட்டரே வேணாம். அடுப்புல தண்ணி சுட வெச்சுக்கறேன். சுவிட்சை மட்டும் நாலு மணிக்குப் போட்டு வெச்சுடறேன். நீங்க வந்த செலவு எவ்வளவோ சொல்லிடுங்க.

– பைத்தியமா உங்களுக்கு? ஒன்பது வயசுப் பொண்ணை வெச்சுக்கிட்டு என்ன பேச்சு இது? எங்க அம்மா மீன் சந்தையில வெட்டுறவ. நாள் பூரா ஈரத்துல நிப்பா. பக்கத்துக் கடை ஐஸ் மெஷின்ல ஷாக் அடிக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். நாப்பது பேருக்கும் தெரியும். கட்டையால தட்டித் தட்டி மூடிக்கிட்டாங்களே தவிர, ஒருத்தரும் ஒரு ஆளைக் கூப்பிடல. அம்மாவுக்குச் சுண்டுவிரல் மடங்காது இப்ப. எங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச மொத ஆளு நான். எதுக்குப் போனேன்னு நினைக்கிறீங்க? சம்பளத்துக்கா? அந்த மெஷினைத் திறந்து பாக்கத்தான் போனேன்.

– திறந்து பாத்தீங்களா?

– மெஷினைத் தூக்கிப் போட்டுட்டாங்க நான் படிச்சு முடிக்கிறதுக்குள்ள. பேச்சை மாத்தாதீங்க.

– மாத்தல. என்னமோ கேக்கணும்னு தோணுச்சு. மழை சத்தத்துல உங்க குரலு எங்கயோ தூரத்துலேர்ந்து வர்ற மாதிரி இருக்கு. கப்பல்லேர்ந்து அவரு பேசுவாரே, நான் ஒண்ணு சொன்னா, அது அங்க போய்ச் சேர்ந்து அவரு சிரிக்கிறதுக்குள்ள நான் அடுத்ததை ஆரம்பிச்சிருப்பேன். எப்பவும் நான் பேசுறதுக்கு நடுவுலதான் அவரு சிரிப்பாரு. கடைசி தடவையும் அப்படித்தான். நான் திட்டிக்கிட்டு இருக்கேன், முன்னாடி சொன்ன எதுக்கோ அவரு சிரிக்கிறாரு.

– ஒண்ணு கேக்கட்டுமா? மறைக்காமச் சொல்லணும்.

– கேளுங்க.

– எந்தக் கை?

– என்ன எந்தக் கை?

– அவரு எந்தக் கையைப் புடிப்பாரு?

– சோத்துக் கை. வலது கையாலதான் திறப்பா... இல்ல, திறப்பேன்.

– ரெண்டு கையாலயும் திறந்திருக்கீங்களா? ஈரக் கையா, காஞ்ச கையா? முழங்கை வரைக்கும் இழுக்குமா? புடிச்சா விரலு தானா மடங்குமா?

– இப்படியெல்லாம் யாரு கவனிப்பாங்க, தங்கச்சி.

– ஷாக் அடிச்சவங்க எல்லாரும் கவனிப்பாங்க. எங்க அம்மாவைக் கேளுங்க, அரை மணி நேரம் சொல்லுவா. நீங்க எறும்பு முத்தம்னீங்க. முப்பத்தஞ்சு வயசுல யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. கொஞ்சம் காலைக் காட்டுங்க.

– காலா?

– கால்ல என்ன போட்டிருக்கீங்க?

– பாத்ரூம் செருப்பு. எல்லாரும் போடுறதுதானே. வெறுங்காலோட உள்ள வந்தா எங்க அம்மா முதுகுல போடுவா, அந்தப் பழக்கம்.

– ரப்பர். அரை அங்குலம் தடிமன். அதைப் போட்டுக்கிட்டு நூத்தி நாலு வோல்ட்டை நாள் பூராக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னாலும் உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இந்த ரூமுக்கு இந்த ஒரு ஜோடிதான் இருக்கு. உங்க அளவு. பாப்பா செருப்பு எங்க?

– வெயில் காலத்துலயே பத்தாமப் போச்சு. வாங்கணும் வாங்கணும்னு...

– அவரு வர்றது நாலரை. பாப்பா வர்றதும் நாலரை. நீங்க ஒரு தடவைகூட உணர்ந்ததில்ல. இல்லையாக்கா?

– எத்தனை தடவை தொட்டுப் பாத்திருக்கேன் தெரியுமா? அவ பள்ளிக்கூடம் போனப்புறம். குளிச்சு முடிச்சுத் தூங்கப் போனப்புறம். கையை வெச்சுக்கிட்டு, வாங்க, நான்தான்னு சொல்லுவேன். எனக்கு வெறும் இரும்பு. அவளுக்கு மட்டும் அப்பா. என்மேல கோவம்னு நினைச்சேன். கடைசியாத் திட்டினேனே, அதை மனசுல வெச்சுக்கிட்டு என்கிட்ட வராம, அவகிட்ட மட்டும் வர்றாருன்னு.

– கோவமில்லக்கா. செருப்பு.

– அவ்வளவுதானா?

– அவ்வளவுதான்.

– இந்தாங்க, புடிங்க.

– எதுக்குச் செருப்பைக் கழட்டுறீங்க? அக்கா. அக்கா, சுவிட்சுகிட்டப் போகாதீங்க.

– ஒரே ஒரு தடவை.

– நகருங்கன்னா! செத்துடுவீங்க. இது எறும்பு இல்லன்னு சொன்னேன்ல?

– அவ நாலு மாசமாப் புடிச்ச கையை நான் ஒரு தடவை புடிக்கக் கூடாதா?

– ... மெயினை எறக்கிட்டேன். இப்ப எந்த சுவிட்சை வேணாப் போட்டுக்கங்க.

– இருட்டாயிடுச்சு.

– ஆமா. அழுங்க. யாரும் பாக்கல.

– குளிருது குழாய். ரொம்பக் குளிருது. உள்ள தண்ணி எங்கயோ நகர்ற சத்தம் கேக்குது.

– மேல் வீட்டுல யாரோ வாளி புடிக்கிறாங்க.

– எல்லாத்துக்கும் உங்ககிட்ட ஒரு பதில் இருக்கு.

– அதான் என் பிழைப்பு. டார்ச்சைப் புடிங்க. இப்படி, என் கைமேல. பாப்பா கை வலிக்குதுன்னு ஏதாவது சொல்லியிருக்காளா?

– போன வாரம் ரெண்டு நாளு இடது கையால சாப்பாட்டுக் குச்சியைப் புடிச்சுச் சாப்பிட்டா. விளையாட்டுன்னு நினைச்சேன்.

– விளையாட்டு!

– திட்டுங்க. உங்க வாயால திட்டு வாங்கணும் போலத்தான் இருக்கு.

– திட்டி என்ன ஆகப் போகுது. வயரை வெட்டுறேன், கொஞ்சம் மேல காட்டுங்க. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் நெஞ்சைப் பாத்துடுங்க. ஷாக் அடிச்சிருக்குன்னு சொல்லணும், வெக்கப்படாம.

– சொல்றேன். தங்கச்சி, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?

– கோவிச்சுப்பேன். கேளுங்க.

– இந்த டிரிப்பரு, துளி குறைஞ்சா வெட்டும்னீங்க. துளின்னா எவ்வளவு?

– ஏன்?

– அதுக்கும் கீழ, துளியிலயும் துளியா ஒண்ணு விட்டு வைக்க முடியாதா? வலிக்காம, ஆபத்தில்லாம. சும்மா விரல் நுனியில ஒரு எறும்பு. எனக்காக இல்ல. அவ ஓடி வந்து குழாயைத் திறக்குறப்போ அங்க யாருமே இல்லன்னா, அவளுக்கு அவரு ரெண்டாந்தடவை செத்த மாதிரி. அந்த மூஞ்சியை என்னால பாக்க முடியாது. சொல்லுங்க, ஒரு எறும்பு விட்டு வைக்க முடியாதா?

– முடியும்.

– நெசமாவா?

– ஆளுக்குத் தெரியுற கரண்டு ஒரு மில்லி ஆம்ப். இது வெட்டுற கரண்டு பதினஞ்சு. நடுவுல இடம் இருக்கு. பரீட்சையிலயே கேட்டிருந்தாங்க. ஒரு சின்ன சாமான் நடுவுல வெச்சா, நீங்க கேக்குற எறும்பு வரும். கணக்கெல்லாம் மனசுலயே போட்டுட்டேன் இப்ப.

– அப்ப...

– மாட்டேன்.

– ஏன்?

– இன்னிக்கு ஒன்பது வயசு. நாளைக்கு வேற வீட்டுக்குப் போவா. ஹாஸ்டலுக்குப் போவா. ஒரு ஈரமான குழாய்ல சுருக்குன்னு வரும். மத்தவங்க கையை இழுத்துப்பாங்க. இவ மட்டும் புடிச்சுக்கிட்டு நிப்பா, சிரிச்சுக்கிட்டு. புரியுதாக்கா?

– புரியுது. போடுங்க.

– போட்டாச்சு. வாஷ்பேசின் மேல இருக்குற இந்தப் பிளக் பாயிண்டையும் மாத்திடறேன். மூடியே இல்லாமத் திறந்து கிடக்கு, தண்ணி தெறிக்குற இடத்துல. இது மூடி வெச்சது, பாருங்க, தானா மூடிக்கும். காயிலைக் கழட்டி எடுத்துக்கிட்டேன், அதனால இன்னிக்குச் சுடுதண்ணி அடுப்புலதான். மெயினைப் போடறேன். இந்தச் சின்னப் பட்டனை நீங்களே அமுக்குங்க. பயப்படாதீங்க.

– டொக்னு விழுந்துடுச்சு.

– வேலை செய்யுதுன்னு அர்த்தம். மாசம் ஒரு தடவை இப்படி அமுக்கிப் பாக்கணும். இப்ப டெஸ்டர். குழாய் மேல வெக்கிறேன்.

– எரியல.

– மீட்டர். பூஜ்யம்.

– கண்ணை மூடிக்கிட்டாரு.

– ஆமாக்கா. மூடிக்கிட்டாரு.

– நீங்ககூட இப்படிப் பேசுவீங்களா?

– மழைதான். நாள் பூரா நனைஞ்சா மூளையில தண்ணி ஏறிடுது. பாப்பாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?

– நீங்க சொல்லுங்களேன். வயரு, பிளாஸ்டிக்கு எல்லாம்.

– வயரைப் பத்தி அவ கேட்டாச் சொல்றேன். அப்பாவைப் பத்தி நீங்கதான் சொல்லணும்.

– அப்பாவுக்கு வேற கப்பல் கிடைச்சுடுச்சுன்னு சொல்லட்டுமா? இல்ல, குளிச்சு முடிச்சுட்டாரு, உப்பெல்லாம் போயிடுச்சு, இனிமே அரிக்காதுன்னு... ஐயோ, படியில சத்தம் கேக்குது. மணி நாலரை ஆயிடுச்சா?

– நாலு இருபத்தெட்டு.

– ம்மா! குடை திரும்பிக்கிச்சு! படிக்கட்டுல ஒரே தண்ணி, நத்தை ஏறுது! இவங்க யாரு?

– ஹீட்டர் பாக்க வந்த அக்கா. ஆநிங், நில்லு, ஒரு நிமிஷம் இங்க வா. அம்மா உன்கிட்ட ஒண்ணு...

– குளிருதும்மா! மொதல்ல கை கழுவிட்டு வரேன்!

– ஆநிங்! செருப்பு!

– விடுங்கக்கா. ஒண்ணும் ஆகாது. இப்ப ஒண்ணும் ஆகாது.

– குழாயைத் திறந்துட்டா. என்னால அவ மூஞ்சியைப் பாக்க முடியாது. நீங்க பாத்துச் சொல்லுங்க. அழுறாளா?

– ம்மா! அப்பா வந்துட்டாரும்மா! கேட்டுச்சா? இன்னிக்கு ரொம்ப இறுக்கமாப் புடிச்சாரு! மணிக்கட்டு வரைக்கும்!

– தங்கச்சி... நீங்க பூஜ்யம்னீங்களே?

– பூஜ்யம்தான். காயிலு என் பையில இருக்கு. குழாய்ல ஒண்ணுமே இல்லக்கா.

– ஆநிங். கண்ணு. இங்க பாரு. அம்மா திட்ட மாட்டேன். நெசமா இப்ப உன் கையைப் புடிச்சாரா? சொல்லுடி.

– முன்னாடி நெசமாவே புடிச்சாரும்மா. சத்தியமா. அப்புறம் அப்புறம் கடிக்க ஆரம்பிச்சிடுச்சு, வலிச்சுது. இன்னிக்குக் கடிக்கல, ஒண்ணுமே இல்ல.

– அப்ப ஏன் வந்தாருன்னு சொன்ன?

– அப்பா வந்தாருன்னு சொல்ற அன்னிக்குத்தானே நீ எழுந்து வந்து என்கூட உக்காந்து சோறு திங்கிற.